பிரிட்ஜ்காரர் படித்த வேண்டுதல்

என் வீட்டுக்காரர் பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். தெருவில் அவரைப் பிரிட்ஜ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிரார்த்தனை மண்டபத்தில் மட்டும் அவருக்கு இன்னொரு பெயர் உண்டு: வெளிநடப்பு. வைத்தது வேறு யாருமில்லை, என் கூடப் பிறந்த அண்ணன்தான். சட்டசபையில் எதிர்க்கட்சிக்காரர்கள் எழுந்து போகிற மாதிரி, பண்டிகை நாளில் பிரார்த்தனை தொடங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இவர் எழுந்து வெளியே போய்விடுவார். சும்மாவும் போகமாட்டார். யார் வீட்டுக் குழந்தையாவது தோளில் அழுதுகொண்டிருக்கும்.

இது எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஆரம்பித்தது. மண்டபத்தில் உட்கார்ந்ததும் அவள் வீல் என்று கத்துவாள். நான் புதுப் புடவையில் வேர்த்து விறுவிறுத்து அவளைக் குலுக்கிக்கொண்டிருப்பேன். இவர் அவளை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். ஒருமுறை பக்கத்துப் பெஞ்சில் இன்னொரு குழந்தையும் அழுதது. "அதையும் இப்படிக் குடுங்க" என்று கையை நீட்டினார். பிடித்தது சனி. அதற்குப் பிறகு எந்தக் குழந்தை அழுதாலும் அதன் அம்மா முதலில் தேடுவது பால் பாட்டிலை இல்லை, இவரைத்தான். எங்கள் மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். இவர் இன்னும் முற்றத்தில்தான் நிற்கிறார்.

மகள் வளர்ந்த பிறகும் அங்கே அவர் அப்படி என்ன செய்கிறார் என்று ஒருமுறை எட்டிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உள்ள சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோளில் ஒன்று, மடியில் ஒன்று. சில குழந்தைகள் அம்மாவை விட்டு வராது என்பதால் இரண்டு மூன்று அம்மாக்களும் குழந்தையோடு அங்கேயே நடந்துகொண்டிருந்தார்கள். இவர் மடியில் இருந்த குழந்தையிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கம்ப்ரசர்னா என்ன தெரியுமா? அதுதான் பிரிட்ஜோட நெஞ்சு. அது துடிக்கலன்னா பால் கெட்டுப் போயிடும்." பல் முளைக்காத அந்தப் பிள்ளை எல்லாம் புரிந்த மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் நான் பேசினால் இப்படி ஒரு நாளாவது பார்த்திருப்பாரா இந்த மனிதர்!

அவருடைய கடை ஒரு ஷட்டர் அகலம். உள்ளே எப்போதும் நாலைந்து பிரிட்ஜுகள் கதவைத் திறந்துகொண்டு நிற்கும். கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கிரேட்தான் அவருக்கு நாற்காலி. பண்டிகைக்கு முந்தின நாள் வந்தால் கடையில் ஆளே இருக்காது. ஊரெல்லாம் கொள்ளாத அளவுக்கு வாங்கி பிரிட்ஜில் திணிக்கும், அது மூச்சு முட்டி நின்றுபோகும், இவர் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். யார் வீட்டில் என்ன சமையல், யார் பழையதை மறைத்து வைத்திருக்கிறார்கள் எல்லாம் இவருக்குத் தெரியும். ஆசையை அடக்கு, நாவைக் கட்டு என்று மண்டபத்தில் வருஷா வருஷம் பேசுகிற ஒரு பெரியவர் வீட்டு பிரிட்ஜில் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை இனிப்பாக இருந்ததாம். இவர் அதை என்னிடம் மட்டும்தான் சொன்னார். நானும் என் அண்ணியிடம் மட்டும்தான் சொன்னேன்.

இப்படிப்பட்டவருக்குப் பக்தி உண்டா இல்லையா என்பதுதான் ஊருக்குப் பிரச்சினை. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? "நல்ல மனுஷன்தான். ஆனா பிரார்த்தனைன்னா உக்கார மாட்டேங்கறாரே. குழந்தைய சாக்கா வெச்சு நழுவிடறாரு" என்று அண்ணி ஒருநாள் என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். பதில் சொல்லலாம் என்றால் கையில் ஆதாரம் இல்லை. ரிப்பேர் முடித்த பிரிட்ஜை ஓடவிட்டதும் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். "என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று ஆசையாகக் கேட்டேன். "வேண்டிக்கல. சத்தம் சரியா வருதான்னு கேட்டேன்" என்றார். இவரை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் வாதாட?

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் செய்கிறவர். மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். எங்கள் மண்டபத்தில் பண்டிகை வேண்டுதல் என்று நீளமான ஒன்று உண்டு. பயணம் போகிறவர்கள், நோயாளிகள், வேலை இல்லாதவர்கள் என்று ஒவ்வொருவருக்காகவும் ஒரு பகுதி. அதை வருஷா வருஷம் அண்ணன்தான் படிப்பார். பயணம் போகிறவர்களுக்கான பகுதி வந்தால் நமக்கே எழுந்து ஓடிப்போய் பஸ் ஏற வேண்டும் போல இருக்கும். அவர் முதல் வரியில் இடிக்கிற இடியில் தூங்குகிற குழந்தைகள் எல்லாம் திடுக்கிட்டு எழுந்து ஒரே குரலில் ஆரம்பிக்கும். யோசித்துப் பார்த்தால் என் வீட்டுக்காரரை வெளியே அனுப்பியதே என் அண்ணனுடைய தொண்டைதான்.

அந்தத் தொண்டைக்கு இந்த வருஷம் ஏதோ வந்துவிட்டது. பண்டிகைக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, குரலுக்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும், மூச்சு விடலாம், பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணி வெளியே கவலைப்பட்டாள். வீட்டுக்குள் நிம்மதியாக இருந்தாள் என்பது என் சந்தேகம்.

மண்டபத்தின் செயலாளர் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். "உங்கண்ணன் இல்லாம யாரும்மா படிக்கிறது? கேட்டவங்க எல்லாரும் மேடைன்னா பயப்படறாங்க" என்று புலம்பினாள். முந்திரிக்கொட்டை மாதிரி நான் முந்திக்கொண்டு சொன்னேன்: "எங்க வீட்டுக்காரர் படிப்பாரு அக்கா."

அவள் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது. "யாரு, பிரிட்ஜ்காரரா? அவர் உள்ளயே உக்கார மாட்டாரே!"

"இந்த வருஷம் உக்காருவாரு. படிப்பாரு. நீங்க பேரை எழுதிக்கோங்க."

அவள் போன பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. கேட்க வேண்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் மாட்டேன் என்றால் வெளிநடப்பு என்ற பெயர் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும். சரி என்று ஏறி அங்கே உளறினால் அதைவிட மோசம். இரண்டில் எது நடந்தாலும் அண்ணிக்குக் கொண்டாட்டம்.

சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்து, கைக் கறையைச் சோப்புப் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "நான் உள்ள போயிட்டா வெளிய யாரு?"

"அது உங்க கவலையா? ஆயுசு பூரா வெளியவே நிக்கறேன்னு நேர்ந்துக்கிட்டீங்களா?"

"அதுக்கில்ல. பிள்ளைங்க அழுமே."

"அழட்டும். பெத்தவங்க பாத்துக்கட்டும். ஒரே ஒரு வருஷம் நீங்க உள்ள நிக்கறத நான் பாக்கணும். ஊர் பாக்கணும்."

மகள் உள்ளேயிருந்து, "அம்மா, அப்பாவ ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்லியிருக்கலாம்ல" என்றாள். "நீ உன் வேலையைப் பாரு" என்றேன். அவள் சொன்னது நியாயம்தான். நியாயம் பேசுகிற நேரமா அது?

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, செயலாளர் அக்கா விட்டுப்போன தாள்களை விரித்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். குழந்தையிடம் கம்ப்ரசரைப் பற்றிச் சொல்கிற அதே குரல். "இன்னும் சத்தமா" என்றேன். கொஞ்சம் ஏற்றினார், ரெண்டு வரியில் மறுபடி இறங்கிவிட்டது. என் அண்ணன் குரலைக் கேட்டுப் பழகிய ஊர் இதைக் கேட்டு என்ன சொல்லும் என்று நினைத்து நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசித் தாளில் அவர் சட்டென்று நிறுத்தினார்.

"இந்தப் பகுதிய எப்ப சேர்த்தாங்க?"

எட்டிப் பார்த்தேன். பிள்ளை வளர்ப்பவர்களுக்காக என்று மேலே போட்டிருந்தது. "தெரியலயே. எப்பவும் இருக்கறதுதான்னு நினைக்கிறேன். கடைசியில வர்றதால அண்ணன் அந்த இடத்துல வேகமா போயிடுவாரு. எல்லாருக்கும் பசி வந்திருக்கும்ல."

எனக்குத் தெரியவில்லை என்பது உண்மை. மகள் சின்னவளாக இருந்தபோது பாதி நேரம் நானும் அவளோடு வெளியே நின்றிருக்கிறேன். பிறகு உள்ளே உட்கார்ந்த வருஷங்களில், அந்த இடம் வரும்போது என் மனம் வீட்டு அடுப்புக்குப் போயிருக்கும்.

அவர் அந்தப் பகுதியை வாய்க்குள்ளேயே படித்தார். பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது அவங்களுக்காக எழுதினது. அவங்க ஒருத்தரும் இத கேட்டதே கிடையாது. இது வரும்போது அவங்க எல்லாம் வெளிய பிள்ளைங்க அழுகைக்கு நடுவுல என்கூட நின்னுட்டிருப்பாங்க."

அதற்குப் பிறகு அவர் மாட்டேன் என்ற பேச்சையே எடுக்கவில்லை. தினமும் கடையிலும் படித்துப் பார்த்தார் போலிருக்கிறது. தாளெல்லாம் விரல் கறை.

பண்டிகைக்கு முன்னால் அண்ணன் கழுத்தில் ஒரு மப்ளரைச் சுற்றிக்கொண்டு அண்ணியோடு வீட்டுக்கு வந்தார். "மச்சான், நான் உள்ள இருக்கப் போறேன். பிள்ளைங்கள வாங்கிக்க வெளிய ஒரு ஆள் வேணும்" என்று இவர் விஷயத்தைச் சொன்னார். அண்ணன் யோசித்தார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, வாசலைக் காட்டி, கைக்குழந்தையைத் தாலாட்டுவது போல ரெண்டு கையையும் ஆட்டினார். மகள் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. "ஐயோ, இவரா? பிள்ளைங்க பயந்து சாகும்" என்றாள் அண்ணி. குரல் இல்லாத என் அண்ணனிடம் பயப்பட என்ன இருக்கிறது?

பண்டிகை காலையில் எங்கள் வீட்டு வழக்கம் மாறாமல் நடந்தது. குளியலறைக்குச் சண்டை, இஸ்திரிப் பெட்டிக்குச் சண்டை, ஒரு காதுத் தோட்டைக் காணோம். எல்லாம் அடங்கி வாசலுக்கு வந்தால் போன். யார் வீட்டிலோ பிரிட்ஜ் நின்றுவிட்டதாம், விருந்தாளிக்கு வாங்கிய இறைச்சி முழுக்க உள்ளே இருக்கிறதாம். புதுச் சட்டையோடு போய்விட்டார் மனிதர். திரும்பி வரும்போது சட்டைக் கையில் வலது மணிக்கட்டுப் பக்கம் கறுப்பாக ஒரு தீற்றல். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே ரெண்டு கையையும் முழங்கை வரை மடித்துவிட்டேன். மடித்துவிட்ட பிறகு பார்த்தால் அது அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. அவர் பெயரைச் சொன்னதும் பின்பக்கம் ஒரு சலசலப்பு. மேடையில் ஏறி, மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கி, தாளைப் பிரித்தார்.

தொடங்கினார். அதே குரல்.

"கேக்கல!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். செயலாளர் அக்கா கையை மேலே மேலே தூக்கிச் சத்தத்தை ஏற்றச் சொன்னாள். அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. அவர் நிறுத்தினார். கேட்கவில்லை என்றவரைப் பார்த்துத் தலையாட்டினார். வாயை மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஆனால் குரலைத் தூக்கவில்லை, விட்ட இடத்திலிருந்து அப்படியே படித்தார். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்த வேண்டியதாயிற்று. யாரோ எழுந்துபோய் சத்தம் போட்டுக்கொண்டிருந்த மின்விசிறியை அணைத்தார்கள். எல்லோரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். மழைக்காக, பயணம் போகிறவர்களுக்காக, நோயில் கிடப்பவர்களுக்காக என்று அவர் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, அது அறிவிப்பு மாதிரியே இல்லை. எதிரில் உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் நமக்காக வந்து கேட்கிற மாதிரி இருந்தது.

குழந்தைகள் எல்லாம் மயங்கித் தூங்கிவிட்டன என்று நான் கதை விடமாட்டேன். குழந்தை என்றால் அழத்தான் செய்யும். சில அம்மாக்கள் பழைய பழக்கத்தில் எழுந்து வெளியே போனார்கள். வாசலில் என் அண்ணன் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றது தெரிந்தது. பின் பெஞ்சில் ரெண்டு பெரியவர்கள் குறட்டை விட்டார்கள், அது என் அண்ணன் படிக்கும்போதும் நடப்பதுதான்.

கடைசித் தாளுக்கு வந்தார். எனக்கு முன் பெஞ்சில் ஒரு சின்னப் பெண், முதல் பிரசவம், குழந்தைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. அது அந்த நேரம் பார்த்துச் சிணுங்கி, பிறகு ஓங்கி அழ ஆரம்பித்தது. அவள் முகம் சிவந்துபோய், பையை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தாள். அக்கம்பக்கத்தார் வழிவிடக் காலை ஒதுக்கினார்கள்.

மேடையிலிருந்து அவர் சொன்னார்: "உக்காரும்மா. இனிமே வர்றது உனக்குத்தான்."

அவள் நின்றுவிட்டாள். "அழறானே அண்ணா" என்றாள், அழாத குறையாக.

"அழுதா அழட்டும்மா. நான் படிக்கிறதும் அவன் அழறதும் ரெண்டும் கடவுளுக்குக் கேக்கும். நீ உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அவர் படித்தார்:

"தூக்கத்தை விட்டுக்கொடுத்தவர்களுக்காக வேண்டுகிறோம். சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்து போகிறவர்களுக்காக வேண்டுகிறோம். உம்மிடம் பேச அவர்களுக்கு நேரம் இல்லை. ஒரு வரியைத் தொடங்கினால் முடிக்க முடிவதில்லை. அவர்கள் ஒரு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளும்போதெல்லாம், அதையே அவர்களுடைய பிரார்த்தனையாக எடுத்துக்கொள்ளும்."

அந்தக் கடைசி வரியில் எனக்குள் ஏதோ இடறிவிட்டது. இத்தனை வருஷம் இந்த மனிதருக்குப் பக்தி உண்டா என்று ஊர் கேட்டது, ஊரோடு சேர்ந்து நானும் மனசுக்குள் கேட்டேன். பதிலை வருஷா வருஷம் இந்த மண்டபத்திலேயே சத்தம் போட்டுப் படித்திருக்கிறார்கள். கேட்க வேண்டியவர் தோளில் பிள்ளையோடு வெளியே நின்றிருக்கிறார். நான் அடுப்பை நினைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறேன். அவருக்கு இப்போதும் அது தன்னைப் பற்றியது என்று தோன்றவே இல்லை. அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்துத்தான் படித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை. என் கல்யாண நாளில்கூட நான் இவரை அப்படிப் பார்த்ததில்லை.

முடிந்ததும் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு எழுந்தார்கள். எங்கள் மண்டபத்தில் பிரார்த்தனை முடிந்த அடுத்த நிமிஷம் பக்தியெல்லாம் வயிற்றுக்கு இறங்கிவிடும். சாப்பாட்டுக் கூடத்துக்கு முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்கு முன்னால் அவர் படியிறங்கிப் போனார். சிமெண்டுப் பெஞ்சில் என் அண்ணன் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மடியில் இருந்த இன்னொன்று மப்ளர் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. வெளியே வந்துவிட்ட அம்மாக்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். என் முன் பெஞ்சுப் பெண் ஓடிவந்து அவர்களிடம் என்னவோ சொன்னாள்.

அவர்களில் ஒருத்தி இவரைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணா, கடைசியில எங்களுக்குன்னு ஏதோ படிச்சீங்களாமே? எங்களுக்கு வெளிய ஒண்ணுமே கேக்கலயே."

அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். மைக் இல்லை, மேடை இல்லை. குழாயடியில் நின்றுகொண்டு, பிள்ளை வளர்ப்பவர்களுக்காக என்ற அந்தப் பகுதியை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார். பெண்கள் பிள்ளைகளை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு நெருங்கி நின்று கேட்டார்கள். சாப்பிடக் கிளம்பிய கூட்டம் படியிலேயே நின்றுவிட்டது, அவர்களைத் தாண்டிப் போக யாருக்கும் மனம் வரவில்லை. எனக்குப் பின்னால் அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.

"சாப்பாடு ஆறுதே" என்றாள்.

"ஆறட்டும் அண்ணி" என்றேன், நாலு பேருக்குக் கேட்கும்படியாகவே. "எங்க வீட்டுக்காரர் படிச்சுக்கிட்டிருக்காரு."